சீடர் பாயின்ட் கார்ப் பயணம்: எல்லாரும் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

டெட்ராய்ட் புறநகரில் குடியிருக்கிறேன். தெரிந்தவர்கள் என்னை இரண்டு விஷயத்துக்குத்தான் அழைப்பார்கள். ஒன்று, பழைய கார் வாங்கும்போது கூட வர. இன்னொன்று, சீடர் பாயின்ட் போவதற்கு முன்னால் யோசனை கேட்க. ஒஹையோ மாநிலத்தில் சாண்டஸ்கி என்ற சிற்றூரை ஒட்டி, ஈரி ஏரிக்குள் நாக்கு மாதிரி நீண்டிருக்கும் நிலத்தில் உள்ள கேளிக்கைப் பூங்கா அது. ஒவ்வொரு மே மாதமும் அதே கேள்விகள், அதே பதில்கள். ஃபோனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

ராட்டினத்துக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா? அப்படி என்ன இருக்கிறது அங்கே?

மேடும் பள்ளமுமான தண்டவாளத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு சீறும் ரோலர் கோஸ்டர்கள் ஏறத்தாழ ஒன்றரை டஜன் ஒரே இடத்தில் இருக்கின்றன. எண்ணிக்கையை விடுங்கள். இந்த விளையாட்டு வளர்ந்த கதை முழுவதையும் ஒரே நாளில் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1870 இல் ஏரிக்கரையில் குளிக்க வருபவர்களுக்காகத் தொடங்கிய இடம் இது. 1964 இல் கட்டிய ப்ளூ ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. 1976 இல் வந்த கார்க்ஸ்க்ரூதான் மூன்று முறை தலைகீழாகச் சுற்றிய முதல் கோஸ்டர். 1989 இல் வந்த மேக்னம், கிளம்பிய இடத்துக்கே சுற்றி வரும் கோஸ்டர்களில் 200 அடியை முதலில் தாண்டியது. அதற்குப் பதினோரு வருடம் கழித்து, 2000 இல், மில்லேனியம் ஃபோர்ஸ் 300 அடியையும் தாண்டியது.

இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை முன்னோக்கி எறியும் ஆட்டத்தை நாடறியச் செய்தவர்களில் ஒருவரான நூட் ராக்னி, 1913 கோடையில் இங்கே வேலை பார்த்துக்கொண்டே இந்த மணலில்தான் அதைப் பழகினார். இதை எந்த அமெரிக்க நண்பரிடம் சொன்னாலும் அரை மணி நேரப் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

எங்கிருந்து எவ்வளவு நேரம் ஆகும்?

க்ளீவ்லாந்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கொலம்பஸ், டெட்ராய்ட் இரண்டிலிருந்தும் சுமார் இரண்டு, இரண்டேகால் மணி நேரம். பிட்ஸ்பர்கிலிருந்து மூன்று. சிகாகோவிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும்.

சிகாகோக்காரர்கள் வருடா வருடம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இண்டியானா டோல் ரோட்டில் சவுத் பெண்ட் நெருங்கும் முன்பே நேர மண்டலம் மாறி, கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே குதித்துவிடும். காலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குக் கேட்டில் நிற்பதாகக் கணக்குப் போட்டால், போய்ச் சேரும்போது அங்கே மணி 11. அதற்குள் முக்கியமான வரிசைகள் எல்லாம் அனுமார் வால் ஆகியிருக்கும். ஆகவே 4 மணிக்கே கிளம்புங்கள், இல்லையென்றால் முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள்.

டெட்ராய்டிலிருந்து வருபவர்கள் டொலீடோ தாண்டியதும் டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையை விட்டுவிட்டு 2 ஆம் எண் சாலையைப் பிடிக்கச் சொல்வேன். சுங்கக் கட்டணம் இல்லை, காட்சியும் நன்றாக இருக்கும். இடப்பக்கம் சதுப்பு நிலங்கள், அப்புறம் டேவிஸ்-பெஸ்ஸி அணு உலையின் குளிர்விப்புக் கோபுரம், பிறகு சாண்டஸ்கி விரிகுடாவின் மேல் எடிசன் பெயரில் ஒரு நீளமான பாலம். எடிசன் பிறந்த மைலன் ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது. டர்ன்பைக்கிலேயே வருபவர்கள் 118 ஆம் எண் வெளிவழியில் இறங்கினால் அந்த ஊர்ப் பக்கமாகவே வரலாம்.

கடைசியில் விரிகுடாவின் குறுக்கே போடப்பட்ட கரைச் சாலை வரும். பூங்கா முழுவதும் அங்கிருந்தே தெரியும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் வரிசையாக இரும்பு மலைகள். அதுவரை பின்சீட்டில் சத்தம் போட்டுக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் இதைக் கவனித்திருக்கிறேன்.

எந்த நாளில் போகலாம்?

மே முதல் அக்டோபர் இறுதி வரை சீசன். செவ்வாய், புதன் நல்லது. ஜூன் முதல் வாரம், ஆகஸ்ட் கடைசியில் வார நாட்கள் இன்னும் நல்லது. நம்மவர்கள் எல்லாரும் நீண்ட வார இறுதியில்தான் திட்டம் போடுவார்கள். மெமோரியல் டே, ஜூலை 4, லேபர் டே மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் சனிக்கிழமை பேய் வேடக் கொண்டாட்டத்துக்குக் கூட்டம் அள்ளும். அன்று கோஸ்டர் ஏறலாம் என்று போனால் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடியே பொழுது போய்விடும்.

ஒரே நாளில் எல்லாவற்றிலும் ஏறிவிடலாமா?

வார நாளில், மழை இல்லாமல், விரைவு வரிசைச் சீட்டும் வாங்கியிருந்தால் கிட்டத்தட்ட முடியும். ஆனால் எதற்கு? பதினொன்றாவது கோஸ்டரில் ஏறும்போது உடம்பு மரத்துப் போயிருக்கும். ஆறு, ஏழு போதும் என்பது என் கட்சி. பிடித்ததில் இரண்டாம் முறை ஏறுங்கள். முதல் முறை பயத்தில் கண்ணை மூடியிருப்பீர்கள். இரண்டாம் முறைதான் அது என்னவென்றே தெரியும்.

உயரமானதுதானே சிறந்தது? நேரே டாப் த்ரில் 2 போய்விடலாமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. என் பதிலை யாரும் நம்புவதில்லை. பரவாயில்லை, மறுபடி சொல்கிறேன்: உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

டாப் த்ரில் 2 இன் வரலாறு இது. 2003 இல் டாப் த்ரில் ட்ராக்ஸ்டர் என்ற பெயரில் 420 அடி உயரத்தில், மணிக்கு 120 மைல் வேகத்தில் வந்தது. 2021 இல் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு மூடினார்கள். எதிரே இன்னொரு 420 அடிக் கோபுரமும் சேர்த்து 2024 மே மாதம் புதிய பெயரில் திறந்தார்கள். சில நாட்களிலேயே நிறுத்திவிட்டு, பழுது பார்த்து 2025 இல் மறுபடி ஓடவிட்டார்கள். முன்னே ஒரு தள்ளு, பின்னே ஒரு தள்ளு, மறுபடி முன்னே ஒரு தள்ளு. மூன்றாவதில்தான் உச்சியைத் தாண்டும். பார்க்கவே பயங்கரமாக இருக்கும். ஏறினால் மூச்சு நின்று திரும்பி வரும், அதுவும் உண்மை. ஆனால் அது ஒரு பெரிய வெடி. வெடித்தது, முடிந்தது.

எனக்கு வேண்டியது வேறு. நம் ஊர்ப் பேருந்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஓட்டுநர் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றினால் அப்படியே தூக்கிப் போடுமே, அதுதான். பொருட்காட்சியில் கொலம்பஸ் கப்பல் மேலே போய் இறங்கத் தொடங்கும்போது அடிவயிறு ஜில்லென்று ஆகுமே, அதுவும் இதன் தம்பிதான். கோஸ்டர் ரசிகர்கள் இதை ஏர்டைம் என்கிறார்கள். மேட்டின் மேல் தண்டவாளம் வண்டியைக் கீழ்நோக்கி வளைக்கிறது. உங்கள் உடம்போ வந்த வேகத்தில் மேலேயே போகப் பார்க்கிறது. மடியில் இருக்கும் கம்பிதான் உங்களைப் பிடித்து வைக்கிறது. இருக்கைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு விரற்கடை காற்று.

ஸ்டீல் வெஞ்சென்ஸில் இது மொத்தமாகச் சுமார் 27 விநாடி கிடைக்கும். 1991 இல் கட்டிய ஒரு பெரிய மரக் கோஸ்டரின் சட்டத்தை வைத்துக்கொண்டு, மேலே இரும்புத் தண்டவாளம் போட்டு 2018 இல் திறந்தார்கள். உயரம் 205 அடி, வேகம் மணிக்கு 74 மைல். காகிதத்தில் பார்த்தால் மில்லேனியம் ஃபோர்ஸை விட நூறடி குட்டை. ஏறி இறங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மேவரிக் இன்னும் குட்டை. 105 அடிதான். ஆனால் முதல் இறக்கம் 95 பாகை, அதாவது செங்குத்தையும் தாண்டி உள்ளே மடங்கும். பாதிப் பயணத்தில் ஒரு சுரங்கத்துக்குள் நின்று, அங்கிருந்து மணிக்கு 70 மைலில் உதைத்துத் தள்ளும். மலை ஏறி இறங்குவது மாதிரியே இருக்காது. திருட்டு வண்டியில் தப்பிப்பது மாதிரி இருக்கும்.

அப்படியானால் எந்த வரிசையில் ஏறலாம்?

நுழைவாயிலின் தலைக்கு மேலேயே கேட்கீப்பர் என்ற கோஸ்டர் சீறிக்கொண்டு போகும். முன்பக்கத்திலேயே ராப்டர், வால்ராவன் எல்லாம் இருக்கின்றன. திறந்ததும் கூட்டம் அங்கேயே தேங்கிவிடும். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் பூங்காவின் பின்கோடிக்கு நடங்கள். முதலில் ஸ்டீல் வெஞ்சென்ஸ், உடனே மேவரிக். மதியம் வெயிலில் வரிசை சுருங்கிக் கிடக்கும் ஜெமினி, ப்ளூ ஸ்ட்ரீக் மாதிரிப் பழசுகளில் ஏறுங்கள். 2025 இல் வந்த சைரன்ஸ் கர்ஸ் புதுசு என்பதால் எப்போதும் கூட்டம். தண்டவாளம் வானத்தில் துண்டாக முடிந்துபோய், வண்டி அதன் நுனியில் நிற்க, அந்தத் துண்டே செங்குத்தாகச் சாய்ந்து கீழ்த் தண்டவாளத்தோடு சேரும். வரிசை ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் நில்லுங்கள்.

மாலையில் மேக்னம். ஏரிக்கரையை ஒட்டி ஏறும்போது இடையிடையே அலை சத்தம் கேட்கும். 1989 வடிவமைப்பு என்பதால் மேடுகள் முரட்டுத்தனமானவை. தொடையில் கம்பி பதியும். எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும். என் மனைவிக்குப் பிடிக்காது.

கடைசியாக, இருட்டிய பிறகு மில்லேனியம் ஃபோர்ஸ். பூங்கா மூடும் நேரத்துக்கு முன்பே வரிசைக்குள் போய்விட்டால் ஏற்றிவிடுவார்கள். 310 அடி உயரத்துக்குச் சங்கிலி இல்லாமல் கம்பி வடத்தால் இழுத்துப் போவதால் சத்தமே இருக்காது. மேலே போனதும் ஒரு பக்கம் கறுத்த ஏரி, மறுபக்கம் சாண்டஸ்கி விளக்குகள். அதைப் பார்த்து முடிப்பதற்குள் 80 பாகையில் மணிக்கு 93 மைல்.

வண்டி தண்டவாளத்தை விட்டுக் கழன்றுவிடாதா?

அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது சக்கரத்தைக் கவனியுங்கள். மேலே ஒரு ஜோடி, பக்கவாட்டில் ஒரு ஜோடி, தண்டவாளத்துக்கு அடியில் ஒரு ஜோடி. மூன்றும் சேர்ந்து தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்பவர் 1919 இல் காப்புரிமை வாங்கினார். அது வந்த பிறகுதான் கோஸ்டர்களில் இவ்வளவு செங்குத்தான மேடு பள்ளங்கள் வந்தன.

பழைய கோஸ்டரில் மலை ஏறும்போது டக் டக் டக் என்று கேட்கிற சத்தத்துக்குத்தான் பலர் பயப்படுவார்கள். உண்மையில் அந்தச் சத்தம் கேட்டால் நிம்மதியாக இருக்கலாம். வண்டி பின்னால் உருளாதபடி ஒரு கொக்கி ஒவ்வொரு பல்லாக விழுந்து பிடிக்கிற சத்தம் அது. புதிய கோஸ்டர்கள் பலவற்றில் பிரேக் பிடிக்கும் வேலையைக் காந்தம் செய்கிறது. உராய்வே இல்லை, தேய்வதற்கும் எதுவும் இல்லை. வண்டியின் உலோகத் தகடு காந்தங்களுக்கு நடுவில் ஓடும்போது அதில் மின்னோட்டம் தோன்றி வேகத்தைத் தானே குறைத்துவிடும்.

முன்சீட்டா, பின்சீட்டா?

காட்சியும் காற்றும் வேண்டுமானால் முன்னால். தூக்கிப் போட வேண்டுமானால் பின்னால். வண்டியின் முன்பாதி இறங்கத் தொடங்கியதும் கடைசிப் பெட்டியை உச்சியின் மேலாக வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போகும். பேருந்துக் கடைசி சீட்டு உதாரணம் இங்கேயும் பொருந்தும். பயந்தவர்களுக்கு நடுப்பெட்டி.

குழந்தைகளை ஏற்றுவார்களா?

வயது பார்ப்பதில்லை, உயரம்தான். பெரிய கோஸ்டர்களில் பலவற்றுக்கு 48 அங்குலம், அதாவது 122 செ.மீ. வேண்டும். ஸ்டீல் வெஞ்சென்ஸ் போன்றவற்றுக்கு 52, ராப்டருக்கு 54. கிளம்பும் முன்பே வீட்டில் செருப்பில்லாமல் சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள். என் மகன் ஒரு வருடம் அரை அங்குலம் குறைந்தான். அளவுக் கம்பியின் கீழே குதிகாலை மெல்ல உயர்த்தினான். அளந்த கல்லூரிப் பெண் சிரித்துக்கொண்டே அவன் தோளை அழுத்திக் கீழே இறக்கினாள். அன்று முழுக்க அவனைச் சமாதானப்படுத்த எனக்கு மூன்று ஐஸ்கிரீம் செலவு. அடுத்த வருடம் அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு ஓடினான்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது?

கட்டாயம் அழைத்துப் போங்கள், ஆனால் கோஸ்டரில் ஏறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி, கழுத்துவலி இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது. "ஒண்ணும் ஆகாதும்மா" என்கிற நம் வழக்கமான தைரியத்துக்கு இங்கே இடமில்லை.

பெரியவர்களுக்கு நிறைய இருக்கிறது. 1963 முதல் ஓடும் நீராவி ரயில் பூங்காவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கூட்டிப் போகும். கரி வாசனை வந்ததும் என் மாமனார், தஞ்சாவூர்ப் பக்கம் ரயிலில் கல்லூரிக்குப் போன கதையை ஆரம்பித்துவிட்டார். இறங்கவே மனம் இல்லை. ஜயன்ட் வீல் இருக்கிறது, நூறாண்டு கடந்த குதிரை ராட்டினம் இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரை மணல் மெரினா மாதிரிதான், சுண்டல் மட்டும் கிடைக்காது. நடை அதிகம் என்பதால் முட்டிவலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுப்பதில் தயக்கம் வேண்டாம்.

என்ன உடுத்துவது?

துப்பட்டாவும் சேலையும் கோஸ்டருக்கு ஆகாது. கால்சராய், ஷூ, அவ்வளவுதான். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு மேலே பட்டன் போட்டுக்கொள்ளுங்கள். நீளச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவது உத்தமம். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கட்டுகிற கயிறு ஒன்று வாங்குங்கள். கைப்பேசியைப் பொத்தான் உள்ள பையில் போடுங்கள், அல்லது வாடகை லாக்கரில் வைத்துவிடுங்கள். ஸ்டீல் வெஞ்சென்ஸில் இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். என் குளிர்கண்ணாடி ஒன்று இன்றும் மேக்னத்தின் மூன்றாவது மேட்டுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது.

சாப்பாடு? வாந்தி வருமா?

வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். ஐஸ் பெட்டியில் வைத்துக் காரிலேயே விட்டுவிட்டு, மதியம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போகலாம். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு பொரியல் போதும். பிரியாணி வேண்டவே வேண்டாம். ஒருமுறை நண்பர்கள் குழுவில் மட்டன் பிரியாணி கட்டி வந்தார்கள். எல்லாரும் ஒரு பிடி பிடித்துவிட்டு நேரே ராப்டருக்குப் போனோம். மீதியை நான் எழுதவில்லை.

வெறும் வயிறும் கூடாது, தலை சுற்றும். காலையில் இரண்டு இட்லி, இடையிடையே தண்ணீர். இஞ்சி மிட்டாய் சிலருக்குக் கேட்கும். குமட்டல் மாத்திரை தூக்கம் வரவழைக்கும், ஆகையால் இரவு கார் ஓட்டப் போகிறவர் அதைத் தொடவே கூடாது. உள்ளே வாங்குவதானால் அங்கேயே நறுக்கிப் பொரிக்கும் உருளைக்கிழங்கை வாங்கி, மால்ட் வினிகர் தெளித்துச் சாப்பிடுங்கள். மிளகாய்ப் பொடி இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைப்பீர்கள். நான் சின்னப் பொட்டலம் ஒன்று பையில் வைத்திருப்பேன்.

மழை வந்தால்?

தூறலில் சில ஓடும். மின்னல், பலத்த காற்று என்றால் நிறுத்திவிடுவார்கள். உயரமானவை முதலில் நிற்கும். ஏரிக்கரை என்பதால் காற்று திடீரென்று எழும். வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு காலியான வரிசைகளில் நீங்கள்தான் ராஜா.

ஏதோ பூச்சி வரும் என்கிறார்களே?

ஜூன் கடைசியில் ஏரியிலிருந்து மேஃப்ளை என்ற பூச்சி கிளம்பும். நம் ஊர் ஈசல் மாதிரிதான்; வானிலை ரேடாரில் மேகம் போலத் தெரியும் அளவுக்குக் கூட்டமாக வரும். கடிக்காது. விளக்குக் கம்பத்தடியில் நடந்தால் காலடியில் நறநற என்கும். வாயை மட்டும் மூடிக்கொண்டு கோஸ்டரில் ஏறுங்கள்.

விரைவு வரிசைச் சீட்டு வாங்கலாமா?

செவ்வாய், புதனில் வேண்டாம், வீண் செலவு. சனிக்கிழமைதான் வர முடியும் என்றால், தூரத்திலிருந்து வருபவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டை எப்போதும் இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள், வாசலில் விலை கூடுதல்.

பயமாக இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது?

பயம் எனக்கும் இன்னும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஏறுவதில் அர்த்தமே இல்லை. ப்ளூ ஸ்ட்ரீக்கில் தொடங்குங்கள், 78 அடிதான். அடுத்து ஜெமினி. இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் பந்தயம் ஓடும், அடுத்த வண்டிக்காரர்களைப் பார்த்துக் கத்துவதில் பயம் மறந்துவிடும். அதன்பின் மேக்னம். இறங்கும்போது கத்துங்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள். கண்ணைத் திறந்து வையுங்கள். மூடினால் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று உடம்புக்குத் தெரியாமல் குமட்டல் அதிகமாகும்.

இரவே திரும்பிவிடலாமா?

டெட்ராய்ட், க்ளீவ்லாந்துக்காரர்கள் திரும்பலாம். மற்றவர்கள் சாண்டஸ்கியில் தங்குங்கள். பூங்காவை ஒட்டியே 1905 இல் கட்டிய ஹோட்டல் ப்ரேக்கர்ஸ் இருக்கிறது; அங்கே தங்கினால் மறுநாள் காலை மற்றவர்களுக்கு முன்பே உள்ளே போகலாம்.

இரவே திரும்புவதாக இருந்தால், ஓட்டப் போகிறவர் யார் என்று காலையிலேயே முடிவு செய்து, அவரை மாலை ஏழு மணிக்கு மேல் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். கிளம்பிய பத்தே நிமிடத்தில் பின்சீட்டு முழுக்கக் குறட்டை விடும். முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது என்பது எங்கள் வண்டியில் சட்டம். கண் சொக்கினால் பெட்ரோல் பங்கில் நிறுத்தி இருபது நிமிடம் சாய்ந்துவிட்டு, ஐஸ் பெட்டியில் மிச்சமிருக்கும் தயிர் சாதத்தைக் காரின் மூடி மேல் வைத்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அந்நேரத்துத் தயிர் சாதம் கொஞ்சம் புளித்திருக்கும். ஊறுகாய் மறக்காதீர்கள்.